ராஸா, லீ என்ஃபீல்டா? ஒரு ராணுவம் துப்பாக்கி தேர்ந்தெடுத்த கதை

(ஒலிப்பதிவில் இருந்து எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கித் திருத்தியது.)

இன்னைக்குக் கதையை ஒரு பதுங்குகுழியில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

1915, ஏப்ரல் 24. பெல்ஜியத்தில் ஈப்ர் நகரத்துக்குப் பக்கத்தில் கனடா நாட்டுப் படைவீரர்கள் படுத்திருக்கிறார்கள். இரண்டு நாளுக்கு முன்னாடிதான் ஜெர்மன் ராணுவம் அந்தப் போர்முனையில் முதல்முறையாகக் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. இன்னைக்கு இரண்டாவது முறை. இந்தத் தடவை வாயு நேராகக் கனடாக்காரர்களை நோக்கியே வருகிறது. ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு இருமுகிறார்கள். வாயுவுக்குப் பின்னாலேயே எதிரி வரிசை வரிசையாக வருகிறான்.

ஒரு சிப்பாய் சுடுகிறான். துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுக்கிறான். வரவில்லை. மறுபடி இழுக்கிறான். அசையவே இல்லை. கடைசியில் துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் காலால் அந்தக் கைப்பிடியை உதைக்கிறான். பக்கத்தில் இருப்பவன் குழி தோண்டும் கருவியின் கைப்பிடியால் தன் துப்பாக்கியை அடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு தோட்டா சுட்டதும் ஒரு உதை, அடுத்த தோட்டா சுட்டதும் ஒரு உதை.

இதில் வேடிக்கை என்னன்னா, அவங்க கையில் இருந்தது மட்டமான துப்பாக்கி இல்ல. உலகத்திலேயே மிகத் துல்லியமான ராணுவத் துப்பாக்கிகளில் ஒன்று. அதன் பேர் ராஸ். அதை வைத்துக் கனடா வீரர்கள் இங்கிலாந்துக்கே போய் சுடும் போட்டியில் கோப்பை வாங்கிட்டு வந்திருக்கிறார்கள்.

அப்புறம் எப்படி இந்த நிலைமை? இரண்டு துப்பாக்கிகள் போட்டியில் இருந்தபோது ஒரு நாடு இதை ஏன் தேர்ந்தெடுத்தது? தப்புன்னு தெரிஞ்ச பிறகும் மாத்த ஏன் இவ்வளவு நாள் ஆச்சு? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

தாழ்ப்பாள் கணக்கு

முதலில் போல்ட் ஆக்‌ஷன்னா என்னன்னு பார்த்துவிடலாம். நம்ம ஊர் பழைய வீட்டுக் கதவில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். அதன் பிடியை மேலே தூக்கிப் பள்ளத்தில் இருந்து விடுவித்து, பின்னால் இழுப்போம். மூடும்போது முன்னால் தள்ளி, பிடியைக் கீழே அமுக்குவோம். போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கி அவ்வளவுதான். தூக்கி இழுத்தால் சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே வந்து விழும். தள்ளி அமுக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். தூக்கு, இழு, தள்ளு, அமுக்கு. நாலு வேலை.

லீ என்ஃபீல்ட் இந்த வகைதான். நம்ம ஊரில் "த்ரீ நாட் த்ரீ"ன்னு சொல்வோமே, அதேதான். சின்ன வயசில் எங்க ஊர் காவல் நிலைய வாசலில் சென்ட்ரி கையில் நான் பார்த்தது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான்.

ராஸ் வேற மாதிரி. இதில் தூக்குவதும் இல்ல, அமுக்குவதும் இல்ல. நேராக இழு, நேராகத் தள்ளு. இரண்டே வேலை. போல்ட்டுக்குள்ளே திருகுமரை மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். நீங்க நேராக இழுக்கும்போது அது போல்ட்டின் தலையைத் தானாகச் சுழற்றிப் பூட்டைத் திறந்துவிடும். ஆஸ்திரியாவின் மான்லிக்கர் துப்பாக்கியில் இந்த யோசனை ஏற்கனவே இருந்தது. சார்லஸ் ராஸ் அதைத் தன் பாணியில் செய்தார்.

காகிதத்தில் பார்த்தால் யாருக்குமே ராஸ்தான் பிடிக்கும். நாலு அசைவு எங்கே, இரண்டு அசைவு எங்கே! ஆனால் அந்தத் தூக்குற அசைவு வீண் வேலை கிடையாது. சுட்டவுடனே பித்தளை உறை சூட்டில் விரிந்து, தோட்டா உட்காரும் அறையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். லீ என்ஃபீல்டில் பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவுப் பாதை நெம்புகோல் மாதிரி வேலை செய்து, அந்த உறையைக் கொஞ்சம் அசைத்து விடுவித்துவிடும். அதுக்கப்புறம் இழுப்பது சுலபம். ராஸில் அந்த நெம்புகோல் பலம் ரொம்பக் குறைவு. உறை ஒட்டிக்கொண்டால் எல்லாப் பாரமும் உங்க கையில்தான். சுத்தமான தோட்டா, சுத்தமான துப்பாக்கின்னா பிரச்சினையே தெரியாது. இதை மனசில் வச்சுக்கோங்க.

கனடா ஏன் ராஸுக்குப் போனது?

1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் ஆரம்பித்தது. பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாகக் கனடாவும் வீரர்களை அனுப்பியது. அதுக்கு லீ என்ஃபீல்ட் துப்பாக்கிகள் வேணும்னு பிரிட்டனைக் கேட்டார்கள். பிரிட்டனுக்கே பத்தவில்லை. சரி, எங்க நாட்டிலேயே ஒரு தொழிற்சாலை போடுங்கன்னு பர்மிங்காமில் லீ என்ஃபீல்ட் செய்துகொண்டிருந்த பி.எஸ்.ஏ. கம்பெனியைக் கேட்டார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

கனடா ஆட்சியாளர்களுக்கு இது உறைத்தது. நாளைக்கே ஒரு பெரிய போர் வந்தால் துப்பாக்கிக்குக் கடல் கடந்து கையேந்தணுமா? நியாயமான கேள்விதான். அதனால் இந்தக் கதையில் கனடாவை முட்டாள்னு சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது.

அந்த நேரத்தில் வந்து நின்றார் சர் சார்லஸ் ராஸ். ஸ்காட்லாந்து ஜமீன் குடும்பத்துக்காரர், பணக்காரர், நல்ல வேட்டைக்காரர், துப்பாக்கி வடிவமைப்பாளர். "என் துப்பாக்கியைக் கனடாவிலேயே செய்து தருகிறேன், தொழிற்சாலையை நானே போடுகிறேன்" என்பதுதான் அவர் வைத்த பேரம். அன்றைய மிலிஷியா அமைச்சர் ஃபிரெடெரிக் போர்டனுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

1901-ல் கியூபெக்கில் ராஸையும் லீ என்ஃபீல்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஐந்து பேர் கொண்ட குழு. அதில் ஒருவர் சாம் ஹியூஸ் என்ற அரசியல்வாதி. இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. தொடர்ந்து நிறைய தோட்டா சுடும் சோதனையில் ராஸ் சிக்கியது. லீ என்ஃபீல்ட் தாங்கியது. தோட்டாமேல்தான் குறைன்னு ராஸ் விளக்கம் சொன்னார். குழு ஏற்றுக்கொண்டு ராஸையே பரிந்துரைத்தது.

ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்க. 1915-ல் ஈப்ரில் நடக்கப்போகிற அதே கோளாறு, 14 வருஷத்துக்கு முன்னாடி முதல் சோதனையிலேயே வெளியே வந்துவிட்டது. பக் கண்ணுக்குத் தெரிந்தது. "அது எங்க கோட் இல்ல, உங்க இன்புட் சரியில்ல"ன்னு சொல்லி மூடிவிட்டார்கள்.

1903-ல் 12,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. கியூபெக் நகரத்தில், 1759-ல் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கனடாவுக்காக மோதிய ஏபிரகாம் சமவெளியிலேயே தொழிற்சாலை எழுந்தது.

முதலில் வாங்கியவர்களில் குதிரைப்படைப் போலீஸும் உண்டு. பயிற்சியில் ஒருவர் சுடும்போது போல்ட் பின்னால் தெறித்து அவருக்கு ஒரு கண் போனது. போலீஸ் ராஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய துப்பாக்கிகளுக்கே போனார்கள். ராணுவம் மட்டும் தொடர்ந்தது. மாற்றத்துக்கு மேல் மாற்றம் செய்தார்கள். மார்க் 1, மார்க் 2, அப்புறம் மார்க் 2-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம்னு ஐந்து நட்சத்திரம் வரைக்கும் போனது. ஹோட்டல் ரேட்டிங் இல்ல, ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு திருத்தம். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

1910-ல் மார்க் 3 வந்தது. ஈப்ருக்குப் போனது இதுதான்.

கோப்பைகள் சொன்ன பொய்

இப்போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ராஸ் மார்க் 3-இன் நீளம் 50.5 அங்குலம், எடை கிட்டத்தட்ட 4.5 கிலோ. லீ என்ஃபீல்டின் அப்போதைய வடிவம் 44.5 அங்குலம், 4 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. ராஸில் 5 தோட்டா, லீ என்ஃபீல்டில் 10. ராஸின் குழல் 30.5 அங்குலம், லீ என்ஃபீல்டின் குழல் 25 அங்குலத்துக்குச் சற்று மேல். நீளமான குழலும், குறிபார்க்கும் கருவியும், இறுக்கமான பூட்டும் சேர்ந்து ராஸை ஒரு பந்தயக் குதிரை ஆக்கியது.

இங்கிலாந்தில் பிஸ்லி என்ற ஊரில் வருஷாவருஷம் பேரரசு முழுவதில் இருந்தும் ஆட்கள் வந்து கலந்துகொள்ளும் சுடும் போட்டி நடக்கும். அதில் உச்சம் கிங்ஸ் பிரைஸ். 1911-லும் 1913-லும் அதை வென்றவர்கள் கனடாக்காரர்கள், கையில் ராஸ். கனடாவில் எவ்வளவு பெருமை இருந்திருக்கும்! பிரிட்டன் துப்பாக்கி தர மறுத்தது, நாங்களே செய்தோம், உங்க மைதானத்திலேயே உங்களை ஜெயித்தோம். இதுக்கப்புறம் ராஸ் வெறும் துப்பாக்கி இல்ல, கொடி.

1911-ல் ஆட்சி மாறியது. மிலிஷியா அமைச்சராக வந்தவர் யார் தெரியுமா? அதே சாம் ஹியூஸ். பத்து வருஷத்துக்கு முன்னாடி சோதனைக் குழுவில் இருந்து ராஸுக்குக் கை தூக்கியவர்.

இப்போ பிரிட்டன் பக்கம் வருவோம். இதைப் படித்தபோதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிரிட்டனில் நிபுணர்களுக்கு லீ என்ஃபீல்ட் பிடிக்கவே இல்லை. குழல் ரொம்பக் குட்டை, போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது, துல்லியம் போதாதுன்னு திட்டினார்கள். காரணம் போயர் போர். அங்கே போயர் விவசாயிகள் ஜெர்மன் மவுசர் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நெடுந்தூரத்தில் இருந்து பிரிட்டிஷ் சிப்பாய்களை வீழ்த்தினார்கள். அந்த அவமானம் மனசில் நின்றது. அடுத்த போரும் அப்படியேதான் இருக்கும், தூரமும் துல்லியமும்தான் முக்கியம்னு முடிவு கட்டினார்கள்.

அதனால் லீ என்ஃபீல்டைத் தூக்கிவிட்டு, மவுசர் பாணியில், புதிய அதிவேகத் தோட்டாவோடு, பேட்டர்ன் 1913-னு ஒரு துப்பாக்கியைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சோதனை ஓட்டத்தில் அந்தத் தோட்டாவுக்குச் சூடு அதிகம், உதைப்பு அதிகம்னு தெரிந்தது. சரிசெய்வதற்குள் 1914 ஆகஸ்ட், போர் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய லீ என்ஃபீல்டோடே போனார்கள்.

பாருங்க, இரண்டு நாடுமே ஒரே போரைப் பார்த்து ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். கனடா வேகமாக முடித்துவிட்டது. பிரிட்டன் தாமதம் செய்தது. பிரிட்டனைக் காப்பாற்றியது புத்திசாலித்தனம்னு சொல்ல மனசு வரல. அந்தத் தாமதம்தான் காப்பாற்றியது. பிஸ்லி மைதானத்தில் புல் இருக்கும், பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம், தோட்டாவைத் துடைத்துப் போடலாம், ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சை அடக்க நேரம் இருக்கும். அங்கே ஜெயிப்பது எதுன்னு அந்த மைதானம் சரியாகத்தான் சொன்னது. அவர்கள் கேட்க மறந்த கேள்விக்கு அது பதில் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை.

சேறு கேட்ட கேள்வி

1914 அக்டோபரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கனடாக்காரர்கள் ராஸோடு கப்பல் ஏறினார்கள். 1915 வசந்தத்தில் போர்முனை. அங்கே மண், சேறு, மழை. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தோட்டாக்கள்.

பிரச்சினை மூன்று இடத்தில் இருந்தது. முதலாவது, தோட்டா. கனடாவில் செய்த தோட்டா அளவு பிசகாமல் இருக்கும். போர் நேரத்தில் பிரிட்டனில் கோடிக்கணக்கில் அவசரமாகச் செய்த தோட்டாவில் ஒன்று கொஞ்சம் பெரிசு, ஒன்று கொஞ்சம் சின்னது. லீ என்ஃபீல்டின் அறை தாராளமாக இருந்ததால் எதைப் போட்டாலும் விழுங்கியது. ராஸின் அறை துல்லியத்துக்காக இறுக்கமாகக் கடையப்பட்டது. பெரிய உறை உள்ளே போய் விரிந்தால், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டது. என்ஜினியரிங் படித்தவர்களுக்குத் தெரியும், டாலரன்ஸ் இறுக்கமாக இருப்பது எப்போதும் தரத்துக்கு அடையாளம் கிடையாது. பக்கத்தில் பொருந்த வேண்டிய பொருளை யார் செய்கிறார்கள்னு பார்க்கணும்.

இரண்டாவது, போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அது கழன்று வந்துவிடாமல் நிறுத்த ஒரு சின்னத் தடுப்பு உண்டு. போல்ட் தலையில் இருக்கும் திருகுப்பல் ஒன்று ஒவ்வொரு தடவையும் அந்தத் தடுப்பில் போய் இடித்தது. உலோகமும் போதிய அளவு கெட்டிப்படுத்தப்படவில்லை. இடித்து இடித்துப் பல் நசுங்கும். நசுங்கிய பல் பூட்டுக்குள் சரியாக நுழையாது. மாட்டிக்கொண்ட போல்ட்டைச் சிப்பாய் உதைத்து உதைத்துத் திறந்தால்? இன்னும் நசுங்கும்.

மூன்றாவதுதான் பயங்கரம். போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டும்போது, தப்பாகவும் மாட்ட முடியும். பார்க்கச் சரியாகவே இருக்கும். மூடும், சுடும். ஆனால் உள்ளே பூட்டு விழுந்திருக்காது. சுட்டால் போல்ட் முகத்தை நோக்கி வரும். தப்பாக மாட்ட முடியாதபடி பிறகு ஒரு ஆணி அடித்துச் சரிசெய்தார்கள். இருட்டில், பசியோடு, நடுங்கும் கையோடு ஒருத்தன் இதைக் கழற்றி மாட்டுவான்னு யோசிக்காத வடிவமைப்பு அது. இதுபோக, சுடும்போது பயோனெட் கழன்று விழும் என்ற புகார் வேற.

ஈப்ரில் அந்தச் சில நாட்களில் கனடாப் படைப்பிரிவு இழந்தது ஆறாயிரம் பேருக்கு மேல், இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் பிடிபட்டவர்களும் சேர்த்து. இவ்வளவும் துப்பாக்கியால்னு சொல்வது தப்பு. வாயு, பீரங்கி, எண்ணிக்கையில் அதிகமான எதிரி, எல்லாமே இருந்தது. ஆனால் பிழைத்து வந்த 5,000 பேரைக் கணக்கெடுத்தபோது, அதில் 1,452 பேர் கையில் ராஸ் இல்லை. லீ என்ஃபீல்ட் இருந்தது. மாற்றக்கூடாதுன்னு உத்தரவு இருந்தும், இறந்துகிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தங்களுடையதை வீசிவிட்டார்கள்.

அதே ஈப்ரில் ஏப்ரல் 26 அன்று எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன். அவர்கள் பிரான்ஸில் வந்து இறங்கியபோது மார்செய் துறைமுகத்தில் கையில் கொடுக்கப்பட்டது லீ என்ஃபீல்ட். அன்றைக்கு அவர்களும் ஏராளமான உயிர்களை இழந்தார்கள். நல்ல துப்பாக்கி இருந்தால் பிழைத்துவிடலாம்னு அர்த்தம் இல்ல. ஆனால் கையில் இருப்பது சுடுமா சுடாதா என்ற கவலை அவர்களுக்கு இல்லை.

புகாரை யார் கேட்பது?

1,452. இந்த எண்ணைப் பார்த்தவுடனே யாராக இருந்தாலும் மாற்றியிருப்பார்கள்னு தோணுது இல்லையா? பிரிட்டிஷ் தளபதி ஜான் ஃபிரெஞ்ச், 1915 ஜூனில் அந்த முதல் டிவிஷனுக்கு மட்டும் லீ என்ஃபீல்ட் கொடுக்க உத்தரவிட்டார். அடுத்து வந்த இரண்டாம், மூன்றாம் டிவிஷன்கள்? அறையைக் கொஞ்சம் பெரிசாக்கிய ராஸோடுதான் வந்தார்கள்.

கனடாப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஆல்டர்சன் பிரிட்டிஷ்காரர். போர்முனையில் இருந்து ராஸைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். ஹியூஸ் என்ன செய்தார் தெரியுமா? ஆல்டர்சனுக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது என்கிற தொனியில் ஒரு கடிதம் எழுதி, அதன் பிரதிகளை அவருக்குக் கீழே இருக்கிற அதிகாரிகள் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் அனுப்பினார். 1916 மே மாதக் கடைசியில் ஆல்டர்சன் பதவி போனது. செயின்ட் எலோவா சண்டையில் ஏற்பட்ட தோல்வியும் அதுக்கு ஒரு காரணம், ராஸ் சண்டை இன்னொரு காரணம்.

அதே மே மாதம் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்க் முடிவெடுத்தார்: ராஸ் நம்பகமானது இல்லை, எல்லாருக்கும் லீ என்ஃபீல்ட். 1916 செப்டம்பருக்குள் மாற்றம் முடிந்தது. ஈப்ரில் இருந்து எண்ணினால் 17 மாதம். அந்த நவம்பரில் ஹியூஸ் பதவி விலகினார். 1917-ல் அரசு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. சார்லஸ் ராஸுக்கு 1920-ல் இழப்பீடு 20 லட்சம் டாலர்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லணும். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், இரண்டு டேட்டாபேஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலை எனக்கு வந்தது. பெஞ்ச்மார்க் ஓட்டினேன். ஒன்று மற்றதைவிட அபார வேகம். கிராஃப் போட்டுக் காட்டினேன், எல்லாரும் கை தட்டினார்கள். லைவ் போன பிறகு சப்போர்ட் டீமில் இருந்த ஒரு அக்கா தினமும் டிக்கெட் போடுவாங்க, "கஸ்டமருக்குத் தொங்குதுப்பா"ன்னு. என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பேன், நல்லா ஓடும். "ரீப்ரொட்யூஸ் ஆகல"ன்னு எழுதி மூடிவிடுவேன். மூன்று வாரம். ஒரு விற்பனை நாள் அன்று மொத்தமாகப் படுத்தது. அப்புறம்தான் அந்த அக்காவுடைய பழைய டிக்கெட்டுகளைத் திறந்து படித்தேன். காரணம் முதல் டிக்கெட்டிலேயே இருந்தது.

எனக்குப் போனது ஒரு இரவுத் தூக்கம், அந்தக் கம்பெனிக்குக் கொஞ்சம் பணம். அதனால் இதை ஈப்ரோடு ஒப்பிடுவது எனக்கே கூச்சமாக இருக்கு. ஆனால் ஹியூஸைப் பற்றிப் படிக்கும்போது அவரை வில்லன்னு ஒதுக்கிவைக்க என்னால் முடியல. தான் கை தூக்கித் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பற்றிப் புகார் வந்தால், முதலில் புகார் சொன்னவனைத்தான் சந்தேகிப்போம். "சிப்பாய்க்குச் சரியாப் பராமரிக்கத் தெரியல", "தோட்டா சரியில்ல", "பிரிட்டிஷ்காரனுக்குப் பொறாமை". இந்த மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மைகூட இருந்தது. அதுதான் ஆபத்து. முழுப் பொய்யாக இருந்தால் சீக்கிரம் உடைந்திருக்கும்.

ராஸை வைத்துக்கொண்டவர்கள்

கதையை இங்கேயே முடித்தால் ராஸுக்கு அநியாயம் செய்ததாக ஆகிவிடும். எல்லாரும் ராஸை வீசியபோது, சிலர் மட்டும் கொடுக்க மாட்டேன்னு சொன்னார்கள். ஸ்னைப்பர்கள். ஒளிந்திருந்து, நேரம் எடுத்து, ஒரே ஒரு குண்டு சுடுபவர்கள். தோட்டாவைப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார்கள், துப்பாக்கியைக் குழந்தை மாதிரி துணி சுற்றி வைப்பார்கள். அவர்களுக்குப் போர்முனை கிட்டத்தட்ட பிஸ்லி மைதானம்தான்.

அதில் ஒருவர் ஃபிரான்சிஸ் பெகமகபோ. கனடாவின் ஒஜிப்வே பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஈப்ரில் இருந்து போர் முடியும் வரை களத்தில் இருந்தவர். எதிரிகளில் 378 பேரை வீழ்த்தியதாக அவர் பெயரில் கணக்கு உண்டு. கையில் ராஸ். போரில் மூன்று முறை பதக்கம் வாங்கிய அந்த மனிதர் ஊர் திரும்பியதும், பூர்வகுடி என்பதால் சம உரிமைக்காகத் திரும்பவும் போராட வேண்டியிருந்தது. அது தனி எபிசோடுக்கான கதை.

அதே துப்பாக்கி, அதே சேறு. ஒருவருக்கு உயிர், ஒருவருக்கு எமன். அதனால் "எது நல்ல துப்பாக்கி?" என்ற கேள்வியே அரைகுறைதான். யாருக்கு, எங்கே, எந்தத் தோட்டாவோடு, எவ்வளவு நேரத் தூக்கத்தோடுன்னு கேட்டால்தான் அது முழுக் கேள்வி.

முடிக்கும் முன்னாடி இரண்டு துணுக்கு. லீ என்ஃபீல்டில் இருக்கிற அந்த "லீ" யார் தெரியுமா? ஜேம்ஸ் பாரிஸ் லீ. பிறந்தது ஸ்காட்லாந்து, வளர்ந்தது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து கால்ட் என்ற ஊரில். சுதேசித் துப்பாக்கி வேணும்னு கனடா ஒதுக்கிய துப்பாக்கியின் போல்ட்டும் மேகசினும் கனடாவில் வளர்ந்த ஒருவருடைய மூளையில் பிறந்தவை.

இன்னொன்று. கனடாவின் வடகோடிப் பனிப்பகுதியில் கனேடியன் ரேஞ்சர்ஸ் என்ற பகுதிநேரக் காவல்படை இருக்கிறது. பெரும்பாலும் இனுயிட், பிற பூர்வகுடி மக்கள். பனியிலும் கரடி பயத்திலும் சுற்றுகிறவர்கள். அவர்கள் கையில் 1940-களின் கடைசியில் கொடுக்கப்பட்டது லீ என்ஃபீல்ட். புதுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது 2018-ல். எழுபது வருஷம். அதையும் மாற்ற வேண்டிவந்தது உதிரிபாகம் கிடைக்காமல் போனதால்தான்.

அடுத்த தடவை எதையாவது இரண்டை வைத்து ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, அந்தச் சிப்பாய் பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்த சத்தம் எனக்கு ஞாபகம் வரும். உங்களுக்கும் வந்தால் இந்த எபிசோடுக்காக நான் முழித்திருந்த இரவுகள் வீண் இல்ல. உங்க அனுபவத்தில் இப்படி "மைதானத்தில் ஜெயித்து, சேற்றில் தோற்ற" பொருள் ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.